துண்டுச் சீட்டும் பயோடேட்டாவும்

(ஏரலில் நடந்த மாணவர், இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்திருக்கிறேன். பேச்சு நடையைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



என்னை வழக்கமா கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. பத்து நிமிசம் வாசிப்பேன், ரெண்டு பேர் கைதட்டுவாங்க, ஒருத்தர் புரியலன்னு சொல்லுவார், டீ குடிச்சிட்டுக் கலைஞ்சிருவோம். இந்தத் தடவை கூட்டம் போட்ட தோழர் போனில் வேறு மாதிரி சொன்னார். "அண்ணே, கவிதை வேண்டாம். பயலுவ சிலாநத்தம் சிப்காட்டுக்கும் துறைமுகத்துக்கும் பயோடேட்டா அனுப்பிக்கிட்டே இருக்கானுவ, ஒரு பதிலும் வரல. நீங்க பேங்க்ல இருக்கியள்லா, அதப் பத்திப் பேசுங்க."

எனக்குக் கோபம் வந்தது. பயோடேட்டா அடித்துக் கொடுப்பது ஜெராக்ஸ் கடைக்காரர் வேலை, அது இயக்கத்தின் வேலையா என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நம்மளப் பத்தி நாமளே எழுதுறதுதான் தலித் இலக்கியம்னு போன கூட்டத்துல பேசுனிய. பயோடேட்டாவும் நம்மளப் பத்தி நாம எழுதுறதுதானே?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் வந்திருக்கிறேன்.

ஏரலில் நின்றுகொண்டு காகிதத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி நம்ம வீட்டுக்குள் வந்தது. பாலம் அரித்துக்கொண்டு போனது, கடைத்தெருவில் ஆள் உயரத்துக்குத் தண்ணி நின்றது. வடிந்த பிறகு நான் வந்து பார்த்தபோது மொட்டை மாடிகளில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு, மார்க்‌ஷீட்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் கேட்டேன், எதெல்லாம் தப்பிச்சதுன்னு. "சாதிச் சான்றிதழை லேமினேட் பண்ணி வச்சிருந்தோம், அது ஒண்ணும் ஆகல. டிகிரி சர்ட்டிபிகேட்டை லேமினேட் பண்ணக்கூடாதுன்னு காலேஜ்ல சொன்னாவ, அது கூழாப் போச்சு" என்றார்கள். அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். கவிதையாக்க முயன்றேன், வரவில்லை. எது அழியும் எது அழியாது என்று ஆற்றுக்குக்கூட யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி இருந்தது.

சரி, விசயத்துக்கு வாரேன். நான் இன்றைக்கு ஒரே ஒரு பயோடேட்டாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எங்கள் தெருத் தங்கச்சி ஒருத்தியுடையது. பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பி.காம். படித்தவள். தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில், டைம் ஆபிசில், பதினோரு வருசமாகக் குமாஸ்தா. இன்னொரு பெரிய கம்பெனி எச்.ஆர். அட்வைசர் வேண்டுமென்று விளம்பரம் கொடுத்திருந்தது. மனிதவள ஆலோசகர். அதற்குப் போடவேண்டுமென்று என்னிடம் வந்தாள். "பேங்க்ல டெய்லி எத்தனையோ அப்ளிகேசன் பாக்கியள்லாண்ணே, இதையும் பாருங்க."

பார்த்தேன். ரெண்டு பக்கம். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்கனவே கிடக்கிற அச்சில் பேரை மட்டும் மாற்றி அடித்தது. உங்கள் பையிலும் அதுதான் இருக்கும், தெரியும். மேலே போட்டோ. அதற்குக் கீழே தகப்பனார் பெயர், பிறந்த ஊர், மதம், வகுப்பு, திருமணம் ஆனவரா, தாய்மொழி. முகவரியில் தெருப் பெயரோடு ‘காலனி’. பொழுதுபோக்கு, புத்தகம் வாசித்தல், பாட்டுக் கேட்டல். கடைசியில் மேற்கண்ட யாவும் உண்மை என்று உறுதிமொழி. வேலையைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘டைம் ஆபிஸ் கிளார்க், 11 வருடம்.’

"ஏட்டி, இதைக் கொண்டு புரோக்கர்கிட்ட குடுத்தா கல்யாணம் முடிஞ்சிரும். வேலை கிடைக்காது" என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தத் தாளை வாங்குகிறவர் முதலில் எதைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். முதல் பக்கத்தின் மேல் பாதியைத்தான் கண் மேயும். அந்த மேல் பாதியில் இவள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாதியையும் காலனியையும் அப்பா பெயரையும் சொல்லியிருந்தாள்.

இது என் கற்பனைப் பயம் இல்லை தோழர்களே. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005 கடைசியிலிருந்து 66 வாரம் ஒரு சோதனை செய்தார்கள். பெரிய ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வந்தது. எல்லா ஆய்வும் இதையே சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டெல்லிப் பக்கம் நடந்து 2009இல் வெளியான இன்னொரு சோதனையில், சாப்ட்வேர் வேலைகளில் சாதி வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை, கால் சென்டர் வேலைகளில் தெரிந்தது. ஆளோடு பேசிப் பழகுகிற வேலையில்தான் பார்க்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். எச்.ஆர். வேலை என்பது பேசிப் பழகுகிற வேலை.

இங்கே ஒருத்தர் எழுந்து கேட்கலாம், அதெல்லாம் வடக்கே, நம்ம பக்கம் பேருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே என்று. உண்மை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள், அதற்குப் பலன் இருந்தது. ஆனால் பெயரில் கிடைக்காததை வேறெங்கே தேடுவது என்று நம்ம ஊர் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? அப்பா பேரைக் கேட்பான். ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது?’ அதில் தெரியவில்லை என்றால் ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ அதிலும் தெரியவில்லை என்றால் எந்த ஸ்கூல் என்பான். ஆதிதிராவிடர் நலப்பள்ளி என்று வந்ததும் தேடல் முடிந்துவிடும். முகவரியில் ‘காலனி’ என்று இருந்தால் அவ்வளவு கஷ்டமும் தேவையில்லை. 2025 ஏப்ரலில்தான் அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசாங்கமே எடுக்கிறேன் என்று சொன்ன சொல்லை நம்ம பயோடேட்டாவில் நாமே அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

டெல்லியில் சுரிந்தர் ஜோத்கா, கேதரின் நியூமன் இருவரும் பெரிய கம்பெனிகளின் 25 எச்.ஆர். மேலாளர்களை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். அதுவும் 2007இல் வந்தது. சாதி எல்லாம் பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம் என்று சொல்கிறார்கள். அதே வாயால், நேர்முகத்தில் குடும்பப் பின்னணி கேட்போம் என்கிறார்கள். அப்பா என்ன வேலை, வீட்டில் யார் யார் படித்திருக்கிறார்கள், எந்த மாதிரி ஊர். நல்ல குடும்பத்திலிருந்து வந்தால் நல்ல ஊழியர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்லுகிற திறமை என்பதே பாதி அதுதான்.

ஆகவே தங்கச்சியிடம் சொன்னேன், மதம், வகுப்பு, தகப்பனார் பெயர், திருமண நிலை, போட்டோ, எல்லாத்தையும் தூக்கு. முகவரிக்கு ஊர்ப் பேரும் போன் நம்பரும் போதும். அவள் கேட்டாள்: "மறைக்கிறது மாதிரி இல்லையாண்ணே?" நல்ல கேள்வி. இடஒதுக்கீட்டு வேலைக்குப் போடும்போது சாதிச் சான்றிதழைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டு, அது உன் உரிமை. தனியார் கம்பெனியில் அந்த உரிமை கிடையாது. உரிமை தராதவனுக்கு விவரம் எதற்கு? கேட்க அவனுக்கு அவசியமில்லாத ஒன்றை நீயாகப் போய்க் கொடுக்காமல் இருப்பதற்கு மறைப்பது என்று பெயர் இல்லை.

இது வரைக்கும் எடுக்கிற வேலை. அது சுலபம், கால் மணி நேரத்தில் முடிந்தது. எடுத்த பிறகு பார்த்தால் தாளில் மிச்சம் மூன்று வரி. சேர்க்கிற வேலையில்தான் மூணு ஞாயிற்றுக்கிழமை போனது.

"பதினோரு வருசமா என்ன சோலி பாத்தேன்னு சொல்லு" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணே. டைம் ஆபிஸ்ல உக்காந்திருப்பேன், அவ்வளவுதான்."

இந்த ‘ஒண்ணுமில்ல’ இருக்கே, இதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். நம்ம அம்மைமார்கள் பகல் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்து, என்ன செஞ்சேன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, வயலுக்குப் போனேன் என்பார்கள். செய்ததைச் செய்தேன் என்று சொன்னால் திமிர் என்று பேர் வாங்கிய தலைமுறைகள். கூலி வாங்கும்போது எதிர்த்துப் பேசாமல் இருப்பதற்காகப் பழக்கப்படுத்திய வாய் இது. அந்த வாயோடு போய் பயோடேட்டா எழுதினால் ஒரு வரிக்கு மேல் எப்படி வரும்?

நான் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தேன். காலையில் ஆபிசுக்குள் போனதும் முதலில் என்ன செய்வே என்று கேட்டேன். அப்படியே மணி மணியாகக் கேட்டுக்கொண்டு போனேன். வந்தது பாருங்கள்.

மூன்று ஷிப்டில் 180 பெண்கள். வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு, சம்பளப் பட்டியல் இவள் போடுவது. பி.எஃப். மாதா மாதம் கட்டுவதற்கான பட்டியல், இ.எஸ்.ஐ. பட்டியல் இவள். காண்டிராக்டர் கொண்டுவருகிற ஆட்களுக்கும் பி.எஃப். கட்டியிருக்கிறானா என்று செலான் வாங்கிச் சரிபார்ப்பது இவள். இதை யாரும் செய்யச் சொல்லவில்லை. ஒரு தடவை ஒரு காண்டிராக்டர் எட்டு மாதம் பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் இருந்ததைக் கண்டுபிடித்ததிலிருந்து செய்கிறாள்.

அப்புறம் பேர்க் குழப்பம். பேங்க்காரன் என்பதால் இது எனக்கு நன்றாகப் புரியும். ஆதாரில் ‘மு. மாரியம்மாள்’ என்கிற மாதிரி இருக்கும், பாஸ்புக்கில் இனிசியல் பின்னால் இருக்கும், பி.எஃப். கணக்கில் வேற எழுத்து. பிறந்த தேதி மூன்றிலும் மூன்று. வேலையை விட்டு நின்ற பிறகு பணம் எடுக்கப் போனால் நிராகரித்துவிடும். இவள் பழைய பள்ளிக்கூடப் பதிவு தேடி, கூட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிசெய்திருக்கிறாள். எத்தனை பேருக்கு என்று கேட்டேன். யோசித்தாள். "ஒரு நாப்பது இருக்கும்ணே." வருசக் கணக்காகத் தேங்கிக் கிடந்த நாற்பது பேருடைய பணம். இதைத்தான் ‘ஒண்ணுமில்ல’ என்றாள்.

இன்னொன்று. பேறுகால விடுப்பு 2017இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. அந்த சுற்றறிக்கையைத் தமிழில் எழுதி கேண்டீன் சுவரில் ஒட்டியது இவள். சூப்பர்வைசர் கிழித்துப் போட்டார், மறுபடி ஒட்டினாள். 2013 சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் புகார்க் குழு இருக்கவேண்டும். கம்பெனியில் அது பேப்பரில்தான் இருந்தது, ஏற்றுமதி வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஆய்வுக்கு வருகிறார் என்றதும் அவசரமாக உயிர் கொடுத்தார்கள். மினிட்ஸ் எழுத ஆள் இல்லை, இவளை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவள் உண்மையாகவே ஒரு புகாரை எழுதிவிட்டாள். அதனால் நடந்தது பற்றி இங்கே பேசவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பயோடேட்டாவில் இருப்பது இவ்வளவுதான்: ‘உள்ளகப் புகார்க் குழு, செயலாளர் பணி, 3 ஆண்டு.’

பார்த்துக்கொண்டே இருந்தேன். இவள் இத்தனை வருசமும் பார்த்தது எச்.ஆர். வேலைதான். சம்பளமும் பேரும்தான் குமாஸ்தாவுடையது. ஆக நாங்கள் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. உள்ளதுக்கு எண்ணும் வருசமும் போட்டோம். ‘வருகைப் பதிவு பார்த்தேன்’ என்பதை, 180 பேர், மூன்று ஷிப்டு, சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று எழுதினோம். ‘பேர் திருத்தம்’ என்பதை, சுமார் 40 தொழிலாளர்களின் வைப்புநிதிப் பதிவுகளைத் திருத்தி முடித்தது என்று எழுதினோம். மிகைப்படுத்தக் கூடாது. நாற்பதை நானூறு ஆக்கினால் நேர்முகத்தில் மாட்டுவோம். குறைக்கவும் கூடாது. விளம்பரத்தில் அவர்கள் என்ன சொல்லைப் போட்டிருக்கிறார்களோ அதே சொல்லைப் போட்டோம். இப்போது பெரிய கம்பெனிகளில் மனுசன் கைக்குப் போவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் சொல் சொல்லாகச் சலிக்கிறது. ‘காம்ப்ளையன்ஸ்’ என்று அவன் எழுதியிருந்தால் நீ ‘சட்டப்படி பார்த்துக்கொள்ளுதல்’ என்று எழுதினால் உன்னை அது கண்டுகொள்ளாது.

ஒரு குறை இருந்தது. குமாஸ்தாவுக்கும் ஆலோசகருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குமாஸ்தா சொன்னதைச் செய்வார். ஆலோசகர், மேனேஜர் தப்பு செய்யப் போகும்போது, ‘சார், இது இந்தச் சட்டத்தில் இந்தப் பிரிவுக்கு விரோதம், செய்தால் இன்ன விளைவு வரும்’ என்று முன்கூட்டிச் சொல்லவேண்டும். அதற்குச் சட்டம் படித்திருக்கவேண்டும். இவளுக்கு அனுபவத்தில் தெரியும், தாளில் இல்லை. சென்னையில் அரசு நடத்துகிற தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது, தொழிலாளர் மேலாண்மைக்குப் பட்டமும் தொழிலாளர் சட்டத்துக்குப் பட்டயமும் தருகிறார்கள். அஞ்சல்வழியில் பல்கலைக்கழகங்களும் தருகின்றன. தொழிலாளர் சட்டப் பட்டயம் ஒன்றில் சேரச் சொன்னேன், சேர்ந்துவிட்டாள். ‘படித்துக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதினோம். அதுவும் ஒரு தகுதிதான்.

இந்த இடத்தில் நம்ம இயக்கத்து மூத்த தோழர் ஒருவர் என்னைத் திட்டினார். தொழிற்சங்கத்தில் முப்பது வருசம் இருந்தவர். "எச்.ஆர்.னா யாருடா? கம்பெனிக்காரனுக்காக தொழிலாளிய வெளிய அனுப்புறவன். நம்ம புள்ளைய அந்த நாற்காலியில உக்காரவைக்க நீ பயோடேட்டா எழுதிக் குடுக்கியா? கங்காணி வேலைக்கு ஆள் சேக்கியா?"

கங்காணி. அந்தச் சொல்லைத் தூத்துக்குடிப் பக்கம் நின்று யாரும் லேசாகச் சொல்லமுடியாது. இந்தத் துறைமுகத்திலிருந்துதான் நம்ம பாட்டன் பூட்டன்மாரைக் கொழும்புக்கு ஏற்றினார்கள். தட்டப்பாறையில் முகாம் இருந்தது, அங்கே வைத்துச் சோதித்து அனுப்புவார்கள். 1901இலிருந்து தகரத் துண்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் குத்திய தகர வில்லையைக் கொடுத்து, அதைக் காட்டினால் போய்ச் சேரும் வரைக்கும் செலவு தோட்டத்துக் கணக்கில். ஒரு ஆளுடைய முழு விவரமும் அந்தத் தகரத்தில் இருந்த எண்தான். அங்கே போன பிறகு இன்னொரு துண்டு. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறணும்னா துரை ஒரு சீட்டுக் கொடுப்பார். இந்தக் கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன் வைத்திருக்கிறார்கள், அதைக் கட்டுகிறவர் கூட்டிப்போகலாம் என்று. அதற்கே ‘துண்டு’ என்று பேர். 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போக நம்ம சனம் கையில் கொண்டுபோன முதல் காகிதம் அது. அதில் கொழுந்து எத்தனை ராத்தல் பறிப்பாள் என்று இல்லை. கடன் எவ்வளவு என்று இருந்தது. எழுதியவனும் நாம் இல்லை.

ஆக தோழர் சொன்னதை நான் தள்ளவில்லை. ஆனால் கங்காணிக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் ஒரு சண்டை நடந்திருக்கிறது, அதையும் சொல்லணும். 1908இல் நம்ம தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நின்றார்கள், சம்பளமும் வார விடுமுறையும் கேட்டார்கள், சில நாளில் ஜெயித்தார்கள். அந்தக் காலத்து மில்களில் ஆள் எடுப்பது, நீக்குவது, லஞ்சம் வாங்குவது எல்லாம் மேஸ்திரி கையில். 1929இல் அமைத்த ராயல் கமிசன் 1931இல் அறிக்கை தந்தது, மேஸ்திரி கையிலிருந்து அந்த அதிகாரத்தைப் பிடுங்கி லேபர் ஆபிசர் என்று ஒருவரைப் போடச் சொன்னது. அப்புறம் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கர் கையில். 1948 தொழிற்சாலைச் சட்டம் 49ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் நலன் அதிகாரி கட்டாயம் என்றது. 2020இல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை 250 என்று குறைத்திருக்கிறது. அந்தத் தொகுப்புச் சட்டங்களில் நமக்கு எதிரானது நிறைய இருக்கிறது, அது வேறு கூட்டம். இந்த ஒன்றில் நாற்காலிகள் கூடும்.

அந்த நாற்காலிகளில் யாரோ உட்காரத்தான் போகிறார்கள். நம்ம பிள்ளை உட்கார்ந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சில்லறைக் கங்காணியாக இருந்தவர்களில் நம்ம ஆட்களும் உண்டு, தன் சொந்தபந்தத்தையே கொண்டுபோய் விட்டவர்கள். சம்பளம் கொடுக்கிறவன் பக்கம் நாற்காலி சாயும், அதை நான் பேங்கில் தினமும் பார்க்கிறேன். ஆனால் ‘குடும்பப் பின்னணி’ கேட்கிற இடத்தில், அந்தக் கேள்வியின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருத்தி உட்கார்ந்தால், அந்தக் கேள்வியைப் பட்டியலிலிருந்து அடிக்கலாம். சாதி சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைச் சட்டப்படி போலீஸுக்குப் போகலாம். ஆபிசுக்குள்ளேயே அந்தப் புகாரை வாங்க ஒரு குழு வேண்டுமென்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. கேட்காததையும் செய் என்று ஒரு மேனேஜருக்கு ஆலோசனை சொல்ல முடியும். அதற்குத்தானே ஆலோசகர். மூத்த தோழர் ஒத்துக்கொள்ளவில்லை. "பாப்போம்" என்றார். அவர் ‘பாப்போம்’ என்றால் இல்லை என்று அர்த்தம்.

இனி என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

தாளின் கடைசியில் அவள் ஒரு பகுதி எழுதியிருந்தாள். அம்பேத்கர் பேரில் எங்கள் தெருவில் நடக்கிற மாலைப் படிப்பகத்தில் ஆறு வருசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. வெள்ளத்தின்போது அந்தப் படிப்பகத்துப் பிள்ளைகளை வைத்து 63 வீட்டுக்கும் கணக்கெடுத்தது, எந்த வீட்டில் என்ன சான்றிதழ் போனது என்று பட்டியல் போட்டு, சிறப்பு முகாமில் மனு கொடுத்து வாங்கியது. அருமையான வேலை. ஆட்களைத் திரட்டினாள், பட்டியல் போட்டாள், அதிகாரிகளோடு பேசினாள், முடித்தாள். எச்.ஆர். என்றால் வேறென்ன? நான் அதில் வெள்ள வேலையை மட்டும் விட்டுவிட்டு, ‘அம்பேத்கர்’ என்ற பேரை அடித்தேன். ‘ஒரு சமூக அமைப்பு’ என்று மாற்றினேன்.

அடித்த கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியணும். நான் புனைபெயரில் கவிதை எழுதுகிறவன். பேங்கில் யாருக்கும் தெரியாது. சேர்ந்த முதல் வாரம் ஒருத்தர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார், "எந்தக் கோட்டா?" அன்றைக்குச் சொன்ன பதிலை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. அண்ணல் கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போனார். அவ்வளவு படித்தவருக்கு ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை, பார்சி விடுதியில் பார்சி என்று பேர் சொல்லித் தங்கினார், கண்டுபிடித்துத் தடியோடு வந்தார்கள். அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பேர் மாற்றியதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறாரே, அதைப் படித்தபோதெல்லாம் எனக்கு என் புனைபெயர்தான் ஞாபகம் வரும்.

தங்கச்சி நான் திருத்திய தாளை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் வந்தாள். பென்சிலால் ‘ஒரு சமூக அமைப்பு’ என்பதை அடித்துவிட்டுப் பழையபடி எழுதியிருந்தாள். "வகுப்புன்னு போட்டா அது அவன் கேட்டது, நான் சொல்ல வேண்டாம். சரி. இது நான் செஞ்சதுல்லாண்ணே. இதையும் எடுத்துட்டா அப்புறம் நான் எதைச் சொல்ல?" என்றாள். கூப்பிடாமல் போனால் என்ன செய்வே என்றேன். "அந்தப் பேரைப் பார்த்துக் கூப்பிடாதவன்கிட்ட நான் போய் என்ன ஆலோசனை சொல்லப் போறேன்?"

அப்படியே அனுப்பினோம். ஒன்றரைப் பக்கம்.

கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை நேர்முகம். போன ஞாயிறு அவளை எதிரில் உட்காரவைத்து நான் மேனேஜர் மாதிரி கேட்டுப் பார்த்தேன். ‘உங்க குடும்பப் பின்னணி சொல்லுங்க’ என்றேன், கொஞ்சம் இளக்காரமாகவே. தயங்குவாள் என்று நினைத்தேன். சொன்னாள்: "எங்க அம்மா முப்பது வருசம் உப்பளத்துல வேலை பாத்தாவ. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரை மழை, உப்பளம் கிடையாது, கூலி கிடையாது. 2022லதான் அந்த மாசத்துக்கு அரசாங்கம் அஞ்சாயிரம் ரூபா குடுக்க ஆரம்பிச்சது. சம்பளம் இல்லாத விடுப்புன்னா என்னன்னு கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும், சார்."

அடுத்த கேள்வி கேட்க எனக்கு வரவில்லை.

தோழர் டீ வந்துட்டுன்னு சைகை காட்டுறார். பயோடேட்டா கொண்டுவந்தவங்க எடுங்க, பக்கத்துல வாங்க, ஒவ்வொண்ணா உக்காந்து பாப்போம். நீள நோட்டு கொண்டாந்திருக்கேன். யாரும் ஒண்ணுமில்லன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.